சாகாத எண்ணெயை அடக்கம் செய்த கதை

மரக்காணம் உப்பளத்தில் ஒரு சட்டி எண்ணெய் செத்துப்போனது. நாற்பது பேர் அதற்கு ஊர்வலம் நடத்தினார்கள், ஒப்பாரி வைத்தார்கள், குழி வெட்டி அடக்கமும் செய்தார்கள். அன்றைக்கு உப்பு வாருகிற வேலை அப்படியே நின்றது. வானத்தில் போன கொக்குக் கூட்டம்கூட ஒரு வட்டம் அடித்து மரியாதை செய்துவிட்டுத்தான் கழுவெளி ஏரிப் பக்கம் திரும்பியது. நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பவும் வேண்டாம். அந்த எண்ணெயை வளர்த்து ஆளாக்கியவளின் சொந்தப் புருஷனே நம்பவில்லை.

புருஷன் பெயர் குழந்தைசாமி. பெயரில் மட்டும்தான் குழந்தை. உப்பு வாரும் பலகையை அவர் ஓர் இழுப்பு இழுத்தால், உப்போடு சேர்ந்து அடுத்த பாத்தியில் நிற்கிறவனும் வந்துவிடுவான் என்று பேச்சு. உப்பு லாரி சேற்றில் சிக்கினால் டிரைவர் ஜாக்கியைத் தேடமாட்டான், குழந்தைசாமியைத் தேடுவான். அறுபதை எட்டிப் பார்க்கிற வயதிலும் அவருக்குத் தலைவலி என்று ஒன்று வந்ததில்லை. பீடி கிடையாது, பொடி கிடையாது, பாட்டில் கிடையாது. இருந்த ஒரே பழக்கம் பெண்டாட்டி கை பஜ்ஜி. அதைப் பழக்கம் என்று யாராவது சொன்னால் பலகையைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு வருவார்.

பெண்டாட்டி அம்சவல்லி. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உப்பளத்துக்கு மண்பாதை பிரிகிற இடத்தில் ஓலைக் கொட்டகை போட்டுப் பஜ்ஜிக்கடை வைத்திருந்தாள். உப்பளத்து ஜனம் இருட்டோடு இருட்டாகப் பாத்தியில் இறங்கி, வெயில் ஏறிக் கால் பொசுங்க ஆரம்பித்ததும் கரையேறும். அப்போது வருகிற பசி சாதாரணப் பசி இல்லை. உப்பு மேட்டையே ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொண்டு சாப்பிடலாம் போலிருக்கும். அந்தப் பசியின் வாசலில் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அம்சவல்லி. வாழைக்காய் பஜ்ஜி, உருளைக்கிழங்கு போண்டா, மசால்வடை. அவள் பஜ்ஜியைக் கடிக்கிற சத்தம் மரக்காணத்தில் கேட்டால், புதுச்சேரி பஸ்ஸில் தூங்குகிறவன் விழித்துக்கொண்டு இறங்கிவிடுவான்.

அந்தச் சட்டியில் கிடந்த எண்ணெயின் வயது யாருக்கும் தெரியாது. மகள் காதுகுத்துக்கு ஊற்றியது என்பார்கள் சிலர். 'தானே' புயலில் கொட்டகைக் கூரை பறந்துபோய்த் திண்டிவனத்தில் விழுந்தது, ஆனால் சட்டி எண்ணெய் ஒரு சொட்டும் சிந்தவில்லை என்பார்கள் வேறு சிலர். உண்மை என்னவென்றால், அம்சவல்லி எண்ணெயைக் கொட்டுவதே இல்லை. குறைந்தால் மேலே ஊற்றுவாள். மொறுமொறுப்புக்காக, கடைத்தெருவில் பேரே போடாத பாக்கெட்டில் மலிவாகக் கிடைக்கிற வனஸ்பதியில் ஒரு கட்டி எடுத்து உள்ளே தள்ளுவாள்.

எண்ணெய் கறுத்துப்போகாதா என்று கேட்டால், அதற்கு அவளிடம் ஒரு வித்தை இருந்தது. அடுப்பு ஆறியதும் மூங்கில் கூடையில் வெள்ளைத் துணி விரிப்பாள். அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, அதன் வழியாக எண்ணெயை விட்டு வடிப்பாள். கறுப்பும் கசண்டும் உப்பிலேயே தங்கிவிடும். கீழே வடிவது தேன் மாதிரி இருக்கும். முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

"உப்புல போட்ட மாங்கா கெடுதா? மீனு கெடுதா? எண்ணெ மட்டும் எப்படிக் கெடும்?" என்பாள்.

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். மரக்காணத்தில் தலையாட்டினார்கள். உப்பை நம்பிப் பிழைக்கிற ஊரில் உப்பின்மேல் யார் சந்தேகப்படுவார்கள்?

சட்டியில் விழுகிற முதல் ஈடு மட்டும் விற்பனைக்கு இல்லை. அதை வாழையிலைக் கிழிசலில் சுற்றி எடுத்துக்கொண்டு, பாத்தி வரப்பு வழியே அவளே நடந்து வந்து குழந்தைசாமியின் கையில் கொடுப்பாள். அவர் தின்று முடிக்கிறவரை நின்று வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்பாள். அவர் தினமும் பதில் சொல்லாமல் இரண்டாவதை எடுப்பார். அவர்கள் இருவருக்குள்ளும் இருந்த அத்தனை அன்பும் அந்த இலைக் கிழிசலுக்குள் அடங்கியிருந்தது. கூடவே வேறொன்றும் அடங்கியிருந்தது. அது இருவருக்கும் தெரியாது.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள். பலகை இழுத்துக்கொண்டிருந்த குழந்தைசாமிக்கு, யாரோ ஒரு மூட்டை உப்பைத் தூக்கி நெஞ்சில் வைத்த மாதிரி இருந்தது. இடது கை தன்னுடையது இல்லை என்பதுபோல் தொங்கியது. உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. ஆனால் உப்பளத்தில் வியர்வையைப் பார்த்து யார் என்ன கண்டுபிடிக்க முடியும்? அங்கே எல்லோருமே வியர்வையில் குளித்துக்கொண்டுதான் நின்றார்கள்.

கண்டுபிடித்தவள் லூர்துமேரி. தலையில் கூடை வைத்து உப்புச் சுமக்கிறவள். வாய் கூடையைவிடப் பெரிது. குடிக்கத் தண்ணீர் கொடுக்கும்போது அவர் கையில் அவள் விரல் பட்டது. சட்டென்று நின்றாள்.

"எல்லாரும் வெந்துகிட்டு இருக்கோம். இந்த அண்ணன் மட்டும் ஏன் ஐஸு மாதிரி இருக்குறாரு?" என்றாள்.

அந்த ஒரு கேள்விதான் அவர் உயிரைக் காப்பாற்றியது. உப்பள முதலாளி பலராமன், ஈரக்கால் படக்கூடாது என்று காருக்குள் செய்தித்தாள் விரித்து வைத்திருக்கிறவர். அன்றைக்குச் சேறும் உப்புமாகக் குழந்தைசாமியை அப்படியே பின் சீட்டில் போட்டுக்கொண்டு புதுச்சேரிக்குப் பறந்தார். கோட்டக்குப்பம் தாண்டும்போது கார் தரையில் ஓடியதா, காற்றில் ஓடியதா என்று இன்றுவரை தகராறு இருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு ரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாயை விட்டு, நெஞ்சுக்குப் போகிற ரத்தக் குழாயில் இருந்த அடைப்பைத் திறந்து, பேனா ஸ்பிரிங் அளவுக்கு ஒரு கம்பி வலையை வைத்தார்கள். குழந்தைசாமி கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் கோட்டக்குப்பத்து ஹனீஃபா பாய் படுத்திருந்தார். அவருக்கும் நெஞ்சுதான். துபாயிலிருக்கும் மகன் தினமும் போனில் கூப்பிட்டுச் சமோசாவைத் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் டாக்டர் தமிழ்நிலா வந்தார். சின்னப் பெண். குழந்தைசாமிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத உடம்புக்கு இது எப்படி வந்தது? டாக்டர் கட்டில் ஓரமாக வந்து நின்றார்.

"ரத்தக் குழாய்க்கு உள்பக்கம் மெல்லிசா ஒரு படலம் இருக்குதுங்க ஐயா. ஒரே ஒரு வரிசை செல்லு, அவ்ளோதான். ரத்தம் ஒட்டாம வழுக்கிட்டுப் போறது அதால. ஓடும்போது, பளு தூக்கும்போது, குழாயை விரியச் சொல்றதும் அதுதான். டிரான்ஸ் கொழுப்புன்னு ஒண்ணு இருக்குது. மலிவு வனஸ்பதியில இருக்கும். திரும்பத் திரும்பக் காயுற எண்ணெயிலயும் சேரும். அது அந்தச் செல்லுங்களைப் புண்ணாக்கிடும். குழாய் விரியவே மறந்துடும். ரத்தத்துல கெட்ட கொழுப்பு ஏறும், நல்ல கொழுப்பு இறங்கும். அப்புறம் அந்தப் புண்ணான எடத்துல கொழுப்பு போய்ப் படிஞ்சுகிட்டே இருக்கும். ஒரு நாள் பொட்டுனு அடைச்சுக்கும். உங்களுக்கு இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். வயசு இருக்குது, வெயில்ல தண்ணி குடிக்காம வேலை பார்க்குறது இருக்குது. ஆனா சாப்பாட்டுல இது இருந்துச்சுன்னா அதை முதல்ல நிறுத்தணும்."

குழந்தைசாமி கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குத் தை மாதத்துப் பாத்தி தெரிந்தது. உப்புக்குத் தண்ணீர் கட்டுவதற்கு முன்னால், பாத்தியின் களிமண் தரையை வரிசையாக நின்று காலாலேயே மிதிப்பார்கள். மிதித்து மிதித்துத் தரை கண்ணாடி மாதிரி ஆனால்தான் உப்பு வெள்ளையாக விளையும், பலகை வழுக்கிக்கொண்டு வரும். ஓர் இடத்தில் தரை பொரிந்து பெயர்ந்துவிட்டால் போதும். சேறு மேலே வந்து உப்போடு பிடித்து இறுகும். அதன் பிறகு பலகை அங்கே தட்டித் தட்டி நிற்கும்.

"தரை பொரிஞ்சு போச்சுன்னு சொல்றீங்க" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. ஆனாலும் நோயாளியைத் தெம்பாக வைத்திருக்க வேண்டும் என்று ஆமாம் என்று தலையாட்டினார்.

குழந்தைசாமி தெரிந்தவர் ஒருவருக்காகக் கேட்பதுபோல மெல்லக் கேட்டார்: "அந்த எண்ணெயை உப்புல விட்டு நல்லா வடிகட்டிட்டா, கொழுப்பு போயிடுமாம்மா?"

"வடிகட்டினா கசடு போகும், கறுப்பு போகும். கொழுப்பே மாறிப்போச்சே, அது எங்க போகும்? கடல் தண்ணியைத் துணியில வடிகட்டுனா உப்பு போயிடுமா?"

உப்பளத்துக்காரனிடம் இதற்குமேல் ஒரு வார்த்தை தேவையில்லை. கடல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி உப்பைப் பிரிக்கலாம் என்றால் மரக்காணம் எதற்கு, வெயில் எதற்கு, குழந்தைசாமிதான் எதற்கு?

டாக்டர் தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். குழந்தைசாமி வாயைத் திறந்தார். கதவுக்கு வெளியே, வராந்தா பெஞ்சில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அம்சவல்லி உட்கார்ந்திருந்தது தெரிந்தது. இரண்டு நாளில் அவள் பாதியாகப் போயிருந்தாள். தன் கையால் கொடுத்த முதல் ஈடுதான் புருஷனை இந்தக் கட்டிலில் தள்ளியது என்று தெரிந்தால், மிச்சப் பாதியும் போய்விடும்.

"கேவுரு கூழு, மோரு. எப்பனாச்சும் கருவாட்டுக் கொழம்பு" என்றார்.

ஹனீஃபா பாய் இருமினார். ராத்திரியெல்லாம் மயக்கத்தில் இந்த மனுஷன் பஜ்ஜி, பஜ்ஜி என்று புலம்பியதைக் கேட்டவர் அவர். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. சமோசாக்காரனும் பஜ்ஜிக்காரனும் ஒரே ஜாதி.

குழந்தைசாமி ஒரு முடிவுக்கு வந்தார். இந்த விஷயம் தன்னோடு மண்ணுக்குப் போகட்டும். வீட்டுக்குப் போனபிறகு முதல் ஈட்டை வாங்கிக்கொள்வது, வாயில் வைப்பது மாதிரி வைத்து, அவள் திரும்பியதும் காக்காய்க்குப் போட்டுவிடுவது. காக்காய்க்கும் நெஞ்சு இருக்குமே என்று ஒரு கணம் தோன்றியது. அதையும் விழுங்கிக்கொண்டார். எப்பேர்ப்பட்ட பலசாலிக்கும் பெண்டாட்டி விஷயத்தில் மூளை இப்படித்தான் வேலை செய்யும்.

அந்தத் திட்டம் ஒரு சாயங்காலம்கூடத் தாங்கவில்லை. வார்டுக்குள் விட்டதுமே அம்சவல்லி பைக்குள்ளிருந்து தூக்குப்போசியை எடுத்தாள். ஊருக்குப் போய், கொட்டகையைத் திறந்து, புருஷனுக்கென்று ஒரே ஓர் ஈடு போட்டு எடுத்து வந்திருந்தாள். மூடி திறந்தது. வாசனை கிளம்பியது. அசையாமல் கிடந்தவர்கள் அசைந்தார்கள். எழவே மாட்டார் என்று சொல்லப்பட்ட கிழவர் ஒருவர் எழுந்து உட்கார்ந்து, எந்த ஊர் என்று கேட்டார். ஹனீஃபா பாய் மகனுக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை நினைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஒனக்கு எறங்காதுன்னு தெரியும்யா" என்றாள். ஒரு துண்டைப் பிட்டு அவர் வாயருகே நீட்டினாள்.

அவர் அவள் விரலைப் பார்த்தார். உள்ளே ஒரு கம்பி வலை இருப்பது ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்றால் என்ன சொல்வது? வாயைத் திறந்தார்.

அம்சவல்லியின் கையைப் பின்னாலிருந்து வேறொரு கை பிடித்தது. நர்ஸ் ஆரோக்கியசெல்வி, பெரிய முதலியார்சாவடிப் பெண். சத்தம் போடவில்லை. திட்டவில்லை. "அக்கா, ரெண்டு நிமிசம் வெளிய வாங்க" என்று மட்டும் சொல்லி, தூக்குப்போசியோடு அம்சவல்லியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

கதவுக் கண்ணாடி வழியே குழந்தைசாமி பார்த்தார். பேச்சு கேட்கவில்லை. முதலில் அம்சவல்லியின் கைகள்தான் பேசின. உள்ளங்கையை விரித்து ஒரு சாண் உயரம் காட்டினாள், உப்பு. கூடையைக் காட்டினாள். துணியைக் காட்டினாள். தேன் மாதிரி வடிவதைக் காட்டினாள். நர்ஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பக்கத்தில் தொங்கிய சலைன் பாட்டிலைத் தொட்டு ஏதோ சொன்னாள். கண்ணுக்குத் தெளிவாக இருக்கிற அந்தத் தண்ணீரிலும் உப்பு கரைந்துதான் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். அம்சவல்லியின் கைகள் பாதியில் நின்றன. பிறகு மெதுவாக இறங்கின. அவள் கண்ணாடி வழியே ஒரே ஒரு தடவை உள்ளே பார்த்தாள். பார்த்துவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை.

குழந்தைசாமிக்கு நெஞ்சு வலித்தது. இது கம்பி வலை வைத்துச் சரிசெய்கிற வலி இல்லை. அவள் ரோஷக்காரி. கிணறு இருக்கிறது, கடல் இருக்கிறது. போனை எடுத்துக் கூப்பிட்டார், அணைத்து வைத்திருந்தாள். எழுந்து நடக்கப் பார்த்தார். ஆரோக்கியசெல்வி அவரைப் பிடித்துப் படுக்கவைத்துவிட்டாள்.

மத்தியானம் லூர்துமேரி வந்தாள். வந்ததும் உட்காரக்கூட இல்லை.

"அண்ணே, ஒங்க பொண்டாட்டி சட்டி எண்ணெயைக் கொட்டிட்டா."

குழந்தைசாமி அவளையே பார்த்தார். தலைக்கு வைத்துக்கொண்ட எண்ணெய் விரலில் மிச்சம் இருந்தால் கதவுத் தாழ்ப்பாளில் தடவிவிட்டு வருகிறவள் அம்சவல்லி. மாவு கரைத்த பாத்திரத்தைக் கழுவிய தண்ணீரைக்கூட முருங்கைக்கு ஊற்றுகிறவள். அவளாவது, கொட்டுவதாவது.

லூர்துமேரி விடவில்லை. காலையில் எல்லோரும் பாத்தியில் நின்ற நேரத்திலேயே அம்சவல்லி சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாளாம். வாய்க்காலில் ஊற்றப் போனாளாம். முதலாளி பலராமன் உப்பு நாறிவிடும் என்று குறுக்கே விழுந்தாராம். கழுவெளியில் ஊற்றலாம் என்றால் மீன்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்களாம். கடைசியில் நாலு பேர் மண்வெட்டியை எடுத்துச் சீமைக்கருவேல மரத்துக்குப் பக்கத்தில் ஆளுயரக் குழி வெட்டினார்களாம். சட்டி முன்னால் போக, உப்பளமே பின்னால் போனதாம். தானே முன்னால் நின்று ஒப்பாரி வைத்ததாகச் சொல்லி, வார்டு என்றும் பார்க்காமல் இழுத்துப் பாடியும் காட்டினாள்:

"எத்தன வாழக்காய எண்ணெயே நீ வாழவெச்ச, எங்க கொழந்தண்ணன எண்ணெயே ஏன் சாயவெச்ச."

ஹனீஃபா பாய் கைதட்டினார். குழந்தைசாமி சிரிக்கவில்லை. இவள் எதையோ மறைக்கத்தான் கதை கட்டுகிறாள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

"அதை விடு லூர்து. அவ உசுரோட இருக்குறாளா, அதைச் சொல்லு" என்றார்.

லூர்துமேரி தலையில் அடித்துக்கொண்டு போனாள். சாயங்காலம் பலராமன் வந்தார். அவர் கணக்கில் குழி கிணறளவு ஆகியிருந்தது. எண்ணெய் விழுந்த வேகத்தில் கருவேல மரமே வழுக்கி ஓரடி தள்ளி நின்றது என்றார். அந்தக் குழிக்குப் பக்கத்தில் போன எறும்புகளெல்லாம் இன்னும் சறுக்கிக்கொண்டே இருப்பதாகச் சத்தியம் செய்தார். குழந்தைசாமி கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். முதலாளி சொல்கிறாரே என்பதற்காக நம்பிவிட முடியுமா?

பலராமன் எழுந்து போகும்போது கொஞ்சம் நின்றார். குரல் இறங்கியது.

"எல்லாரும் சிரிச்சிக்கிட்டுத்தான் இருந்தோம், கொழந்த. அந்தம்மா குழிக்குப் பக்கத்துல ஒக்காந்து நெஜமாவே அழ ஆரம்பிச்சிடுச்சு. அப்புறம் எவனும் சிரிக்கல."

அதைக் கேட்டுக் குழந்தைசாமி எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஹனீஃபா பாய் இந்தப் பக்கம் திரும்பி, இப்போதாவது நம்புகிறாயா என்று கண்ணாலேயே கேட்டார். குழந்தைசாமி இல்லை என்று தலையாட்டினார். ஆட்டிய தலையில் முன்பிருந்த உறுதி இல்லை.

அடுத்த நாள் காலை அம்சவல்லி வந்தாள். கட்டிலுக்கு ஓர் ஆள் தூரத்திலேயே நின்றுவிட்டாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. சுவரில் ஒட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"கோவமா?"

"எதுக்கு?"

"ஒரு சட்டி எண்ணெய். வீணாக்கிட்டேன்."

ஊரே சேர்ந்து சொன்னதெல்லாம் ஒரு பக்கம். இந்த ஒரு வார்த்தை ஒரு பக்கம். குழந்தைசாமி பக்கத்தில் வரச்சொல்லிக் கையைக் காட்டினார். வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். சட்டியை மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் அதன் அடி வெள்ளையாகத் தெரிந்ததாம். அந்தச் சட்டிக்கு அப்படி ஒரு நிறம் உண்டு என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்ததாம். தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. அவர் அந்த விரல்களை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"டாக்டர் ஒனக்கு மொதல்லியே சொல்லிட்டாங்களாமே. நர்சு சொல்லுச்சு. எங்கிட்ட ஏன்யா மறைச்ச?"

"ஒங்கையால வந்ததுன்னு தெரிஞ்சா நீ தாங்க மாட்டியேன்னுதான்."

"தாங்க மாட்டேன்தான். அதுக்காக? நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நான் நாளைக்கும் அதையே போட்டிருப்பேன். ஒனக்கு மட்டுமா போட்டேன்? லூர்து தின்னா, அவ புள்ளைங்க தின்னுச்சு, லாரிக்காரன் தின்னான். எம்மனசு நோவக் கூடாதுன்னு நீ இத்தினி பேரு நெஞ்சைப் பணயம் வெச்சுட்டியே."

லாரியைச் சேற்றிலிருந்து தூக்கிய கை, அவள் விரலைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடந்தது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பேசியது மெதுவாகத்தான். ஆனால் வார்டில் எல்லோருக்கும் கேட்டது.

"பாசமா போட்டேன்னு எண்ணெய்க்குத் தெரியுமா? பொண்டாட்டி போட்டதா, கடைக்காரி போட்டதான்னு ரத்தக் குழாய் கேட்டுக்கிட்டா இருக்கும்? கெட்டது கெட்டதுதான். கண்ணுக்குத் தெளிவா இருக்குதேன்னு நெஞ்சுக்குள்ள எறக்கிட்டேன். இனிமே அந்த வனஸ்பதி நம்ம வாசப்படி ஏறாது. ஒரு நாள் காய்ச்சுன எண்ணெயை மறுநாள் காய்ச்ச மாட்டேன். பாசம் வெக்கிறவ எதுல வெக்கிறோம்னு பார்த்து வெக்கணும்யா. இல்லன்னா பாசமே ஆளைத் தின்னுடும்."

ஆரோக்கியசெல்வி மாத்திரை கொடுக்க வந்தவள், கொடுக்க மறந்து நின்றாள்.

அம்சவல்லி பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தாள். அவித்த கொண்டைக்கடலைச் சுண்டல். முந்தின நாள் கடையில் இதைத்தான் வைத்தாளாம், பாதிக்குமேல் மிஞ்சிவிட்டதாம். மிஞ்சினால் மிஞ்சட்டும், வேலை முடிந்த பசி எத்தனை நாளைக்கு ரோஷம் பார்க்கும் என்றாள். வாரத்தில் ஒரு நாள் புது எண்ணெயில் பஜ்ஜி போடுவதாகவும், மீந்த எண்ணெயை அன்றைக்கே ஒழித்துவிடுவதாகவும் சொன்னாள். உப்பையும் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று குழந்தைசாமி தயங்கித் தயங்கிச் சொன்னார். உப்பள வம்சத்தில் பிறந்தவருக்கு அது தாயைத் தள்ளிவைக்கச் சொன்ன மாதிரி இருந்தது. அதுவும் நர்ஸ் சொல்லிவிட்டாள், அரை உப்புதான் போட்டிருக்கிறேன் என்றாள் அம்சவல்லி.

ஹனீஃபா பாய்க்கும் ஒரு கரண்டி வைத்தாள். அவர் மென்று பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மொறுமொறுன்னு இல்லையேம்மா."

"மொறுமொறுப்பு வேணும்னா அந்த மாத்திரை அட்டையைக் கடிங்க பாய்."

வார்டு முழுக்கச் சிரித்தது. அம்சவல்லியும் சிரித்தாள், அழுகையும் சிரிப்பும் கலந்து வந்த அந்தச் சிரிப்பில் அவள் முகம் பழையபடி ஆனது. தண்ணீர் பிடித்து வர எழுந்து போனாள்.

அவள் கதவைத் தாண்டுகிறவரை காத்திருந்த ஹனீஃபா பாய், கட்டிலில் ஒருக்களித்து முழங்கையை ஊன்றிக்கொண்டார். கோட்டக்குப்பத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும், நாலு பேர் கேட்டால் பதில் வேண்டும் என்றார். ஆளுயரக் குழி, ஊர்வலம், ஒப்பாரி எல்லாம் நிஜம்தானா?

குழந்தைசாமி இன்னொரு வாய்ச் சுண்டலை எடுத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

"எவன் சொல்லியும் நான் நம்பல, பாய்" என்றார். "ஆனா நெஜமாவே நடந்திருக்குது. கொட்டிட்டா."